கூனிமுனைக்கு ஊசி வரும் சாலை

"ரோடு நீண்டா அதுக்கு நானா பொறுப்பு?"

"எங்க மீனு போகையில நீளலையே, நர்ஸம்மா. உங்க பெட்டி வர்றப்பதான…"

"அது நீளட்டும். பெட்டிக்குள்ள ஐஸ அள்ளிக் கொட்டுனது யாரு? உன் வீட்டுக்காரருதான?"

"மருந்து கெட்டுறக்கூடாதேன்னு போட்டாரு. எறாலுக்குப் போடலையா?"

"இது எறாலா, ராக்கு?"

கூனிமுனைச் சாலை, மீன் வெளியே போகும்போது மூன்று கிலோமீட்டர். தடுப்பூசி உள்ளே வரும்போது அதற்குக் கணக்கே கிடையாது. தேவிபட்டினம் வரை எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம். நர்ஸ் நாகஜோதி புதன்கிழமை காலையில் ஊசிப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினால், கருவேலங்காட்டைத் தாண்டியதும் இன்னொரு கருவேலங்காடு வரும், உப்பளத்துக்குப் பின்னால் இன்னோர் உப்பளம். வெள்ளிக்கிழமைதான் வந்து சேருவார். அதற்குள் ஐஸ் உருகி, மருந்து வீணாகியிருக்கும். வெறுங்கையோடு வந்தால் பத்து நிமிஷம். அளக்க வந்த அதிகாரிகளும் வெறுங்கையோடு வந்து, சாலை சரியாக இருக்கிறது என்று சொல்லி, நண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அதே சாலையில் கிளம்பிய இறால், ஐஸ் ஒரு சொட்டுச் சொட்டாமல், கப்பலேறி அடுத்த கண்டத்துத் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ராக்குவின் கணவன் பால்சாமி மீன்வண்டி ஓட்டுபவன். அந்த வாரம் நடுவழியில் நர்ஸைப் பார்த்து இரக்கப்பட்டு, இறாலுக்குச் செய்வதுபோலத் தூள் ஐஸைப் பெட்டி நிறைய அமுக்கிவைத்தான். மருந்து உறைந்துபோனது. உறைந்த மருந்தைப் போடுவதும் போடாமலிருப்பதும் ஒன்றுதான். தெற்குக் குப்பத்தில் தொண்டை அடைப்பான் ஒரு பிள்ளையைக் கொண்டுபோயிருந்தது. ராக்குவின் மகளுக்கு மூன்று மாதம் முடிந்தும் அந்த நோய்க்கான ஊசி போடவில்லை. அதனால்தான் கரையில் இத்தனை சத்தம்.

கடைசியில் ராக்கு, "மருந்துதான உள்ள வராது. பிள்ள வெளிய போகலாமில்ல, மீனோட மீனா?" என்றாள்.

அடுத்த புதன்கிழமை, பால்சாமியின் வண்டியில் இரண்டு சீலா மீன் கூடைகளுக்கு நடுவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாலை ஒன்றும் சொல்லவில்லை. பத்தே நிமிஷத்தில் சுகாதார நிலையம். பிள்ளை ஒரு மூச்சு அழுதது. "ஊசி போட்ட எடத்தத் தேய்க்காத. அடுத்தது ஒரு மாசங்கழிச்சு" என்றார் நாகஜோதி.

திரும்பும்போது மருந்து பிள்ளையின் உடம்பில் இருந்தது. சாலைக்கு அது தெரிந்துவிட்டது. கருவேலங்காடு முடிந்து கருவேலங்காடு வந்தது. பால்சாமி ஓட்டிக்கொண்டே இருந்தான். டீசல் குறையவில்லை, அதை யாரும் விசாரிக்கவுமில்லை. உப்பளத்து ஆட்கள் தங்கள் தூக்குவாளியிலிருந்து சோறு கொடுத்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது. பிறை வளர்ந்து தேய்ந்தது. எத்தனையாவது உப்பளத்திலோ பிள்ளை முதன்முதலாகக் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, ஐஸ் பெட்டியைப் பார்த்துச் சிரித்தது.

கூனிமுனை கண்ணில் பட்டபோது, கரையில் மீன்கூடைகளுக்குப் பக்கத்தில் மற்ற பெண்கள் கைப்பிள்ளைகளோடு வண்டிக்குக் காத்து நின்றார்கள். வெறுங்கையோடு வந்திருந்த நாகஜோதியும் நின்றார்.

"வந்துட்டியா ராக்கு? இன்னைக்குப் புதன்கிழமை. ஒம் பிள்ளைக்கு ரெண்டாவது ஊசி."

ராக்கு ஒரு காலைக் கீழே வைத்திருந்தாள்.

"அப்ப நான் எறங்கவா, இல்ல இப்படியே இருக்கவா, நர்ஸம்மா?"