சத்தியம் செய்யத் தகாதவள்

...இல்லை, அதில் ஒரு பிசகும் இல்லை, சட்டம் கல்லில் வெட்டிய மாதிரி இருக்கிறது, நரகத்தை நம்பாத சாட்சிக்குச் சத்தியம் செய்து வைக்க முடியாது, செத்தபின் தண்டனை உண்டு என்ற பயமே இல்லாதவள் சொல்லுக்கு என்ன மதிப்பு? குதிரைவண்டி இல்லினாய்ச் சேற்றில் ஆடி ஆடிப் போனது, லெமுவேல் வெதர்பீ கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். ஊர் ஊராகச் சுற்றி வழக்கு விசாரிப்பதும் அவர்தான், பிறகு தலைநகரில் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து தன் தீர்ப்பின் மேல் வந்த முறையீட்டைக் கேட்பதும் அவர்தான், எல்லா நீதிபதிகளுக்கும் அதுதான் வழக்கம், இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? வெர்மான்டில் தோல் பதனிடுகிறவன் மகன், பள்ளியில் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள், இன்று அவர் உள்ளே நுழைந்தால் வக்கீல்கள் எழுந்து நிற்கிறார்கள், யார் தயவில்? ஒரு தீர்ப்பாவது தலைகீழானதுண்டா? கிடையாது.

“ஏம்ப்பா வெதர்பீ,” பக்கத்தில் நீதிபதி பிரூயிட் கொட்டாவி விட்டார், “சத்திரத்துல போர்வை பூராத்தையும் நீயே சுருட்டிக்கிட்டியே. உனக்கு நீதிபதின்னு பேரு வேற!”

“உன் குறட்டைக்குப் பக்கத்துல படுத்தேனே, அதுக்கே எனக்குச் சிலை வைக்கணும்.”

“வைப்போம், வைப்போம். ஜோதம் கிரேல் விஷயத்துக்கு வா. நான் மறு விசாரணைங்கறேன், நீதிபதி ஹாலட் தூக்குங்கறார், ரெண்டு பக்கமும் சமம். அவன் உசுரு இப்ப உன் கையில.”

கிரேல்... கொலை நடந்த நேரம் தம்பி காய்ச்சலில் தன் வீட்டில் கிடந்தான் என்று சொல்லத்தான் அக்கா கெசியா வந்தாள், சட்டைக் கையில் சோளமாவு ஒட்டியிருந்தது, அரசு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி, பொய் சொல்றவங்களைக் கடவுள் நரகத்துல போடுவாருன்னு நம்புறியாம்மா? “பெத்த பிள்ளைய யாராச்சும் நெருப்புல போடுவாங்களா ஐயா? கடவுளும் போடமாட்டாரு.” விசாரித்த வெதர்பீ இறங்கும்மா என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான், ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், சத்தியம் செய்ய விட்டிருப்பார்... அட, பொய் சொன்னால்தான் உண்மை பேச விடுவேன் என்றா ஆகிறது? சே, இதெல்லாம் வக்கீல் பேச்சு, சட்டம் சட்டம்தான், தன் மனசுக்குப் பட்டதையெல்லாம் தீர்ப்பாக எழுதினால் நாடு உருப்படுமா, பெத்த பிள்ளைய யாராச்சும்... மகன் ஏசா குடித்துவிட்டு ஆற்றில் விழுந்து செத்த அன்று பாதிரியார் வந்து, மனந்திரும்பாமல் போனவன், நரகம்தான் என்று வாய் கூசாமல் சொன்னார், மனைவி மார்த்தா சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள், வெதர்பீ பாதிரியாரின் தொப்பியை எடுத்துத் தெருவில் வீசினார், வெளியே போய்யா என்றார், மார்த்தாவின் தலையைப் பிடித்துக்கொண்டு, அப்படி ஒரு இடமே கிடையாதுடி, நம்ம பிள்ளை எங்கேயும் எரியல என்றார். மார்த்தாவுக்காகச் சொன்னதா? இல்லை, மனசறிந்து சொன்னது, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

“என்னப்பா, வாயில கொழுக்கட்டையா? தூக்கா, மறு விசாரணையா?”

சட்டம் சட்டம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தவர், கடிவாளத்தை இழுத்து வண்டியை நிறுத்தினார். பைபிளின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துதானே அவரும் நீதிபதி ஆனார், அன்றைக்கு நரகத்தை நம்புறியா என்ற அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவே இல்லையே...