தனியாள் வீடுகள் இருபத்துமூன்று

பேக்கரியில் ரொட்டி வெட்டுகிறவளுக்கு அவளுடைய அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வரை கெடு வைத்திருந்தான். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டுமாம். எல்லோரும் குடும்பம் குட்டியோடு இருக்கிற தெருவில் ஒண்டிக்கட்டைக்கு என்ன வேலை என்பது அவன் கட்சி. நல்லவன்தான். ஆனால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன்.

அவளுக்குப் போக மனமே இல்லை. காலை வெயில் விழும் அந்தச் சின்னச் சமையலறையை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். இருந்தாலும், தெருவில் தான் ஒருத்தி மட்டும்தான் தனியோ என்ற கேள்வி முள்ளாய்க் குத்தியது.

நூலகத்துக் கணினியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடிப் பிடித்தாள். அவள் தெருவில் இருநூற்றுப் பத்து வீடுகள். ஒரே ஆள் வசிப்பவை இருபத்துமூன்று. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த இருபத்துமூன்றில் தன் வீடு சேர்த்தி இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஊர் வாய்க்குப் பயந்து, கணக்கெடுக்க வந்த பெண்ணிடம் வாய் கூசாமல் இரண்டு பேர் என்று சொல்லியிருந்தாள்.

மறுநாள் முதலாளியிடம் அந்த இருபத்துமூன்று வீட்டுக் கணக்கைச் சொல்லி, அரை ரொட்டி விற்றுப் பார்க்கலாம் என்றாள். தனியாள் முழு ரொட்டி வாங்கினால் பாதி பூசணத்துக்குத்தான் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அவர் முகத்தைச் சுளித்தார். சரி, கணக்குப்படி இருபத்துமூன்று மட்டும் போடு என்றார். பத்து மணிக்குள் தட்டு காலி. அடுத்த நாள் நாற்பது போட்டார்கள், அதுவும் பறந்தது. உன் கணக்கெடுப்பு உதைக்கிறதே என்று முதலாளி சீண்டினார்.

சனிக்கிழமை வரிசையில் மாடி வீட்டு டீச்சர் நின்றிருந்தார். வாசலில் எந்நேரமும் மூன்று ஜோடிச் செருப்பு கிடக்கும் வீடு அவருடையது. கேட்டதோ அரை ரொட்டி. வீட்டில் எல்லோருக்கும் போதுமா என்று இவள் விசாரித்தாள்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாருன்னா நான் ஒருத்திதாம்மா. செருப்பெல்லாம் சும்மா போட்டு வெச்சது. கணக்கெடுக்க வந்தவங்ககிட்டயும் மூணு பேருன்னுதான் சொன்னேன்."

"நான் ஒரு புருஷனையே சொல்லி வெச்சிருக்கேன் டீச்சர். தச்சு வேலைன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் வரிசை நின்றுபோயிற்று. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஞாயிறு காலை அண்ணன் வண்டியோடு வந்து நின்றான். ஒரு சாமான்கூடக் கட்டப்படவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"வண்டியைத் திருப்பி அனுப்பிடுண்ணே," என்றாள். "மத்தியானம் மாடி வீட்டு டீச்சர் சாப்பிட வர்றாங்க. நீயும் இரு."