முப்பத்தெட்டுப் பேரின் ஆறுதல்

விடுதியின் இரண்டாம் மாடியில் அவளை எல்லாரும் டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். விடுப்புக் கடிதம், பிறந்தநாள் வாழ்த்து, காதலனைக் கழற்றிவிடும் செய்தி, எதுவானாலும் அவள் கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். வாய்தான் வராது. நேரில் நாலு பேர் நின்றால் சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஆகவே, அறைத்தோழி குருவியின் அப்பா மாரடைப்பில் இறந்துபோன செவ்வாய்க்கிழமை, குருவியை மட்டும் விட்டுவிட்டு வகுப்பே வாட்ஸப்பில் ஒரு தனிக் குழு தொடங்கியபோது, வேலை இவள் தலையில் விழுந்தது.

'என்ன அனுப்புறதுன்னே தெரியல. டைப்பிஸ்ட், நீயே ஒண்ணு எழுதிப் போடும்மா. கொஞ்சம் அழுற மாதிரி' என்று கேட்டவள் எதிர் அறை நெட்டை.

டைப்பிஸ்ட் கட்டிலில் உட்கார்ந்து எழுதினாள். எழுதும்போது உண்மையாகவே அழுதாள். மாதம் ஒருமுறை மகளைப் பார்க்க வரும் அந்த மனிதர், பெண்கள் விடுதி என்பதால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். போகிற வருகிற பெண்களை எல்லாம் "சாப்பிட்டியாம்மா?" என்பார். அதை எழுதி, 'இனி எங்களை யார் கேட்பாங்க குருவி' என்று முடித்தாள்.

நாலு மணிக்குக் குழுவில் போட்டாள். நாலரைக்குள் முப்பத்தெட்டுப் பேரும் அதை அப்படியே எடுத்துக் குருவிக்கு அனுப்பிவிட்டார்கள். முதலில் அனுப்பியவள் நெட்டை. எழுதியவள் மட்டும் அனுப்பவில்லை. அதையே முப்பத்தொன்பதாவதாக எப்படி அனுப்புவது? வேறு எழுதலாமென்றால், உள்ளே இருந்ததெல்லாம் அதிலேயே போய்விட்டது. வந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பதினாறு நாள் கழித்துக் குருவி பையோடு வந்து நின்றாள். டைப்பிஸ்ட் எழுந்தாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது தொண்டைவரை வந்தது.

"குழாய்ல தண்ணி வரல. உனக்கு ஒரு பக்கெட் பிடிச்சு வச்சிருக்கேன்."

"ம்."

வகுப்பிலும் யாரும் வாய் திறக்கவில்லை. அதான் சொல்லியாச்சே என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். அறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஐந்தடி. இரண்டு பேர் முகத்திலும் போன் வெளிச்சம்.

மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டே குருவி சொன்னாள்: "நீ மட்டும் ஒரு வார்த்தை அனுப்பல."

"அது வந்து..."

"இந்த நெட்டை என்கிட்ட இதுவரைக்கும் ஒரு பேனா கூடக் கேட்டதில்ல. அவ எழுதினா பாரு, எங்கப்பாவப் பத்தி. மத்ததுங்க அதையே சுட்டு அனுப்புதுங்க, வெக்கமில்லாம. எனக்கு அதுவரைக்கும் அழுகையே வரலடி. அதப் படிச்சுத்தான் அழுதேன். இப்ப தினமும் சாட்ல பேசுறோம். அவ ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்காம். போயிடலாம்னு பாக்குறேன்."

டைப்பிஸ்ட்டின் கையில் போன் இருந்தது. குழுவைத் திறந்து நீட்டினால் போதும். எழுதியது யார் என்று நேரத்தோடு இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே 'கொஞ்சம் அழுற மாதிரி' என்பதும் இருக்கிறது. கீழே ஒன்பது கட்டைவிரல் லைக்குகள். அதற்கும் கீழே, நாளைக்கு ரெக்கார்டு நோட்டு வைக்கணுமா என்று ஒருத்தி.

திரை தானாக அணைந்தது.

"நல்லா எழுதியிருக்கா," என்றாள் டைப்பிஸ்ட்.

இரக்கப்பட்டுச் சொன்னாளா, வாய் வராத பழக்கத்தில் சொன்னாளா, அவளுக்கே பிடிபடவில்லை.

அறை மாற்றும் படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வார்டன் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்க. என்னடி சண்டை?"

"சண்டையெல்லாம் இல்ல மேடம்," என்றாள் குருவி.

"உக்காந்து பேசினா தீராதா?"

குருவி படிவத்தை முன்னால் தள்ளினாள். வார்டன் பேனாவை நகர்த்தினார். டைப்பிஸ்ட் கோட்டின் மேல் பிசகாமல் கையெழுத்திட்டாள்.

மெத்தையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு நடைவழியைக் கடந்தார்கள். பின்பக்கமாக நடந்த குருவி பாதியில் நின்றாள்.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமாடி?"

டைப்பிஸ்ட் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. மெத்தை கனத்தது, அவ்வளவுதான்.

"பின்னாடி வாசப்படி இருக்கு. பாத்துக் கால வை."

குருவி பார்த்து வைத்தாள். நெட்டை போனிலிருந்து தலையெடுக்காமல் காலை மடக்கி வழி விட்டாள்.