பதினான்காவது ஆள்

நகர மன்றத்தில் மொத்தம் இருபத்தாறு உறுப்பினர்கள். பதின்மூன்று பேர் மேயர் ருஸ்லானின் ஆட்கள், மீதிப் பதின்மூன்று பேர் எதிர்க்கட்சி. வாக்கெடுப்பில் மேயருக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதால் பதினான்கு சேர்ந்துவிடும்; எதையும் நிறைவேற்றலாம். ஆனால் கூட்டம் தொடங்க, உறுப்பினர்களே பதினான்கு பேர் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கில் மேயர் சேர மாட்டார். எதிர்க்கட்சியின் பலமெல்லாம் இந்த ஒரு ஓட்டையில்தான் இருந்தது.

ஆகவே அவர்கள் கூட்டத்துக்குப் போகவில்லை. எதிரே இருந்த காபிக் கடையில் செர்ரி வைத்த வரேனிகிக் கொழுக்கட்டை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றங்கரைப் பைன் தோப்பை மேயரின் மைத்துனருக்குக் கொடுக்கும் தீர்மானம் இப்படியே மூன்று முறை கிடப்பில் போனது.

ஒமெல்யான் பெத்ரோவிச் பன்னிரண்டு வருடமாக எதிர்க்கட்சி உறுப்பினர். பேருந்து நிழற்குடை, பள்ளிக்கூடச் சாக்கடை, ஆஸ்பத்திரி லிஃப்ட் என்று அவர் கேட்டதில் ஒன்றுகூட நிறைவேறியதில்லை. உள்ளே போய்த் தோற்றே பழகியவருக்கு வெளியே உட்கார்ந்து ஜெயிப்பது பிடித்திருந்தது.

நான்காம் முறை மேயரே கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னைக்கும் வரேனிகிதானா? உங்களால மன்றத்து கேன்டீன்ல ஈ ஓட்டறாங்க."

சொல்லிக்கொண்டே ஒமெல்யானுக்கு முன்னால் அன்றைய தீர்மானங்களின் பட்டியலை வைத்தார். முதல் தீர்மானம்: அக்டோபர் தெருவுக்கு நஸாரின் பெயர். நஸார் ஒமெல்யானின் ஒரே மகன். போர்முனையில் செத்து இரண்டு வருடமாகிறது. அப்பா கொடுத்த மனு பதினான்கு மாதமாக மேயர் அலுவலகத்தில் தூங்கியது.

"தோப்புக்குத்தான் இந்தத் தூண்டில். போகாதீங்க," என்றாள் கட்சித் தலைவி ஹன்னா.

"முதல்ல அவன் பேருதான் இருக்கு, ஹன்னா. அது முடிஞ்சதும் எழுந்து வந்துடறேன்."

"பதிவு ஒரு தடவைதான். பட்டன அழுத்திட்டு நீங்க வீட்ல போய்ப் படுத்தாலும் கூட்டம் செல்லுபடியாகும்."

"பெத்த பையனுக்காக ரோட்டத் தாண்ட மாட்டாரா என்ன?" என்றார் மேயர்.

ஒமெல்யான் நாற்காலியில் மாட்டிய கோட்டைக்கூட எடுக்காமல் போனார். பட்டனை அழுத்தினார். மன்றத்து மின்பலகையில் பதினான்கு என்று எரிந்தது.

"வரிசையில ஒரு சின்ன மாத்தம்," என்றார் மேயர். "நிலம் முதல்ல."

தோப்பு நாற்பது நொடியில் போயிற்று. பலகையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, அது ஒமெல்யானுடையது.

பிறகு நஸாருக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்டோபர் தெருக்காரங்க பத்திரமெல்லாம் மாத்தணுமேன்னு முணுமுணுக்கறாங்க. அதனால ஒரு திருத்தம். தோப்புக்குள்ள புதுத் தெரு வருதில்ல? பன்னண்டு பங்களா. அதுக்கு நஸார் பேரு. நல்ல அகலமான தெரு, ஒமெல்யான் பெத்ரோவிச்."

வாக்களிக்கப் பத்து நொடி. யார் எதை அழுத்தினார்கள் என்பது பெயரோடு இணையத்தில் ஏறும். சிவப்பை அழுத்தினால் மகன் பெயரை அப்பாவே மறுத்ததாகப் பதிவாகும். சும்மா இருந்தாலும் அதுவும் பதிவாகும். இரண்டு நொடி மிச்சமிருக்கும்போது பச்சையை அழுத்தினார். பதினைந்து. கைதட்டினார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவர் கேட்டு நிறைவேறியது அது ஒன்றுதான்.

கூட்டத்தைக் கடையில் இருந்தவர்கள் போனில் நேரலையாகப் பார்த்திருந்தார்கள். அவர் வெளியே வந்தபோது மழை. அவருடைய கோட்டு கடைக் கதவின் வெளிப் பிடியில் தொங்கி நனைந்துகொண்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு பேரும் நகர்ந்து உட்கார்ந்து, அவருடைய நாற்காலியைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள்.

மனைவி போனில் கூப்பிட்டாள். "நிறைவேறிடுச்சா?"

"ம்."

"தெருவுல பேர்ப் பலகை எப்ப வெப்பாங்க?"

ஈரக் கோட்டில் கையை நுழைத்தார்.

"முதல்ல மரத்தையெல்லாம் வெட்டணும்," என்றார்.