புட்டுப்பானை சொன்ன சீ

டென்மார்க்கின் பிராண்டேயில் அருள்நாயகியின் புட்டுப்பானை 2022 மார்ச்சில் ஸ்பானிய மொழியில் பேசத் தொடங்கியது. தண்ணீர் கொதித்து, மேலே வைத்த ஓலை நீத்துப்பெட்டி வழியே ஆவி கிளம்பியதும் ஓர் ஆண்குரலும் பெண்குரலும் மாறி மாறிக் கதைக்கும்; நடுவில் பாட்டு வரும்; அடுப்பை அணைத்தால் நின்றுவிடும். அது என்ன மொழி என்று அருள்நாயகிக்குத் தெரியாது. டெனிஷ் அல்ல என்பது மட்டும் நிச்சயம். டெனிஷ் என்றால் இதற்குள் அவளுடைய உச்சரிப்பைத் திருத்தியிருக்கும்.

அருள்நாயகி ஐம்பத்தொரு வயது விதவை, காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் வேறு பேச்சுத்துணை இல்லாததால் பானையோடு கதைத்தாள். அது சொன்னதில் அவளுக்கு விளங்கியது ஒரே சொல்தான். "உப்புக் காணுமோ?" என்று கேட்டால் "சீ" என்றது. "இந்தச் சீலை எனக்கு வடிவோ?" என்றால் "சீ, சீ" என்றது. மனம் நொந்தாலும், புட்டு பூப்போல அவிந்ததால் பானையை எறிய மனம் வரவில்லை.

அடுத்த வருடம் பக்கத்து ஊரான கிரின்ஸ்டெட்டிலிருந்து தவராஜா வந்து அவளைக் கட்டக் கேட்டார். மனைவியை இழந்தவர், போர்க்லிப்ட் ஓட்டுபவர், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுகிறவர். அருள்நாயகிக்கு அவரை உள்ளூரப் பிடித்திருந்தது, ஊர்வாய்க்குத்தான் பயம். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டு, மறுநாள் புட்டு அவிக்கும்போது, "இந்த மனுசனைக் கட்டலாமோ?" என்று கேட்டாள். பானை பாட்டை நிறுத்திவிட்டு, "சீ, சீ, சீ" என்றது. அவள் தொலைபேசியில் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, புட்டைத் தொடாமல் அழுதாள். தவராஜா நாட்டின் மறுகோடியில் அல்பர்ட்ஸ்லுண்டில் தங்கையோடு போய் இருப்பதென்று முடிவெடுத்து, சனிக்கிழமைக்குச் சாமான் ஏற்ற வான் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை அருள்நாயகியின் கார் பழுதாக, கூட வேலை செய்யும் மரிசோல் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அருள்நாயகி பானையை ஏற்றினாள். ஆவி வந்ததும் மரிசோல் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விம்மினாள். இது ஓகூஸ் நகரில் ஒரு நிலவறையில் சிலி நாட்டு அகதிகள் நடத்திய ஸ்பானிய வானொலி என்றாள். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் சும்மா கொடுக்க சோபா இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியவருமாம். கேட்க ஆளில்லை என்று போன வருடம் மார்ச்சில் மூடிவிட்டார்களாம்.

"அப்ப அது ஏன் என்னைச் சீ எண்டு ஏசுது?" என்று அருள்நாயகி தன்னை மறந்து தமிழிலேயே கேட்டு, பிறகு டெனிஷில் கேட்டாள். ஏசவில்லை, எங்கள் மொழியில் அது சம்மதம் சொல்லும் சொல் என்றாள் மரிசோல்.

"சீ எண்டால் ஓமோ?"

"சீ," என்றாள் மரிசோல். "சீ," என்றது பானை.

அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் மரிசோலின் காரில் கிரின்ஸ்டெட்டுக்குப் பறந்தார்கள். தவராஜா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"பானை சொன்னதை நான் பிழையா விளங்கிட்டன். அது ஓம் எண்டுதான் சொன்னது."

தவராஜா பெட்டியை விட்டு நிமிர்ந்தார். "பானை சொன்னது சரி. நீர் என்ன சொல்லுறீர்?"

ஊரிடம் மனசுக்குள் கேட்டிருக்கிறாள், பானையிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள்; தன்னிடம் அவள் கேட்டதில்லை. வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன.

"ஓம்," என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பானிய மொழிக்காரர் பதினைந்து பேர் கதிரையோடு வந்து அவர்கள் குசினியில் அடுப்பைச் சுற்றி இருந்து வானொலி கேட்கிறார்கள். தவராஜா புட்டுக்கு இரண்டு கிலோ மா குழைக்கிறார். பானையிடம் அருள்நாயகி எதுவும் கேட்பதில்லை. செய்தி நேரத்தில் குறுக்கே கதைத்தால் வந்தவர்கள் ஏசுகிறார்கள்.