மார்ச் மாதம்: குற்றம் எதுவுமில்லை

நெதர்விக் கிராமத்தில் ஒரு வருடத்தில் நடக்கும் குற்றங்களை எண்ண இரண்டு கை விரல்களே அதிகம். தேவாலயக் கூரையிலிருந்து ஈயத்தகடு திருடு போகும். யாராவது ஒருவர் வீட்டில் குளிருக்குச் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டியில் குழாயைச் செருகி உறிஞ்சிக்கொண்டு போவார்கள். வேட்டை நாய்களோடு வயலில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் கோதுமையை மிதித்துவிட்டுப் போவார்கள். இவை எல்லாவற்றையும் ஒன்பது வருடமாக ஊர் மாத இதழில் எழுதி வந்தவள் டிலிஸ் ஃபாரன்ட். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனி ஆள். போலீஸ்காரப் பெண் டாம்சின் மாதம் ஒருமுறை வந்தால் டிலிஸ் வீட்டில்தான் தேநீர் குடிப்பாள். "டிலிஸுக்குத் தெரியாம இங்க ஒரு சைக்கிள்கூட நகராது" என்று பப்பில் யாரோ சொன்னது அவள் காதுக்கும் வந்திருந்தது. அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் பத்திரமாக மனதில் வைத்திருந்தாள்.

பிப்ரவரி கடைசியில் அடுத்த வீட்டு கொரின் டப்பரின் தோட்டக் கொட்டகையை உடைத்து இரண்டு சைக்கிளையும் வேலி வெட்டும் இயந்திரத்தையும் தூக்கிப் போய்விட்டார்கள். கொரின் ஊருக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஆனால் அன்று பகலுக்குள் பாதி ஊர் அவள் வாசலில் நின்றது. ஒருத்தி எலுமிச்சை கேக் கொண்டுவந்தாள். பத்து வருடமாக டிலிஸ் வீட்டுச் சாக்கடைக் குழாயைப் பார்த்துக் கொடுக்கும் ரோலண்ட், கூப்பிடாமலே வந்து கொட்டகைக்குப் புதுப் பூட்டு மாட்டினார். டாம்சினின் கார் டிலிஸ் வாசலைத் தாண்டி நேராக அங்கே போய் நின்றது.

சமையலறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று டிலிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். டாம்சின் சிரிப்பது கேட்டது. தன் வீட்டில் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

புறப்படும்போது டாம்சின் வேலியோரம் எட்டிப் பார்த்தாள். "டிலிஸ், கொரின் நல்லா கவனிச்சிருக்காங்க. ரெண்டு நாள் முன்னாடி பழைய இரும்பு இருக்கான்னு கேட்டு வெள்ளை வேன்ல ஒருத்தன் வந்தானாம். பின்னாடி ஒரு விளக்கு உடைஞ்சிருக்கு. இதழ்ல போட்டுடுங்க. போனே இல்லாதவங்க பாக்கணும்ல."

"போட்டுடறேன்" என்றாள் டிலிஸ்.

"கொரினே எழுதித் தரேன்னாங்க. அழகா எழுதுவாங்க போல."

அந்தக் கடைசி வார்த்தை இரண்டு நாள் உள்ளே கிடந்து அரித்தது. ஊர்க் கைபேசிக் குழுவில் கொரின் வேனைப் பற்றி எழுதியதற்கு நாற்பது பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். ஒன்பது வருடத்தில் டிலிஸுக்கு யாரும் ஒரு வரி எழுதியதில்லை. மார்ச் இதழ் அச்சுக்குப் போகும் நாளன்று மேசையில் உட்கார்ந்து, போலீஸ் கணக்கு வெளிவர எப்படியும் இரண்டு மாதம் ஆகுமே, ஊர்ஜிதமாகாததை எப்படிப் போடுவது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். பிறகு எழுதினாள்: 'மார்ச் மாதம்: குறிப்பிடும்படியான குற்றம் எதுவுமில்லை.' எழுதி முடித்தபோது நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

இதழைப் பார்த்தவர்கள் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். கொரின் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் மூன்றாவது வாரம், மேட்டுப் பண்ணை வில்ஃப் ஐன்ஸ்கோவின் நாலு சக்கர பைக் காணாமல் போயிற்று. வில்ஃபுக்கு எண்பத்தொரு வயது. ஆடுகள் குட்டி போடும் பருவம் அது, அவர் கீழே ஊருக்குள் இறங்கியே வரவில்லை. கைபேசியும் கிடையாது. பைக் இல்லாமல் தீவன மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறியவர், ஈரப் புல்லில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

டிலிஸ் பார்க்கப் போனாள். கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளை வேனா?" என்று கேட்டாள்.

"ஆமா. பழைய இரும்பு கேட்டான். நல்லாத்தான் பேசினான் பாவி. கொட்டகையைத் திறந்து நானே உள்ள கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன்."

"தெரியாத ஆளை ஏன் உள்ள விட்டீங்க வில்ஃப்?"

"நீதானே ஒண்ணும் இல்லேன்னு போட்டிருந்தே. நான் வேற எதைப் படிக்கிறேன்? உன் பக்கத்தைத்தான் முதல்ல பாப்பேன்."

அவர் குற்றம் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். டிலிஸால் அங்கே உட்கார முடியவில்லை. இறங்கி வந்து நேராகக் கொரின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உங்க விஷயத்தை நான் வேணும்னேதான் விட்டேன்" என்றாள். "மறதி இல்ல."

"தெரியும்" என்றாள் கொரின். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. "படிச்ச அன்னிக்கே தெரியும். என்மேல அப்படி என்ன கோபம்?"

"கோபம் இல்ல. எல்லாரும் உங்க வீட்டுக்கு வந்தாங்க."

கொரின் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "திருடு போனது எனக்கு, பொறாமை உங்களுக்கா? நல்லா இருக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நானும் அன்னிக்கே கேட்டிருக்கணும். கேட்டா வம்புன்னு விட்டுட்டேன். ஆனா இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? வில்ஃப்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலை டிலிஸ் அவரிடமே போய்ச் சொன்னாள். வில்ஃப் ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது ஆடு நிறைசினையா நிக்குது. தீவனம் யார் தூக்குவா?" என்றார் கடைசியில்.

"நான் தூக்கறேன்."

"நீயா? ஒரு மூட்டை உன்னைவிடக் கனம் அம்மணி."

"பாதிப் பாதியா தூக்கறேன்."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மூலையில் கிடந்த ரப்பர் காலணியைக் காட்டி, "அந்தச் செருப்போட ஏறாதே, அதைப் போட்டுக்க" என்றார்.

ஊராட்சிக் கூட்டத்தில் டிலிஸ் எழுந்து நடந்ததைச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை வேறு யாராவது எழுதட்டும் என்றாள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. தடுக்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. கொரின் ஒப்புக்கொண்டாள்.

ஏப்ரல் இதழ் வந்த அன்று டிலிஸ் மேட்டிலிருந்து சேறும் சகதியுமாக இறங்கி வந்து, காலணியைக் கழற்றாமலே வாசலில் நின்று அந்தப் பக்கத்தைப் படித்தாள். வேன், உடைந்த விளக்கு, வில்ஃபின் பைக், பூட்டு மாட்டும் விதம் எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வேடிக்கை வரிகூட இருந்தது. தன்னையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொரின் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அந்த எண்ணம் வந்தவுடனே பழைய பொறாமை எழுந்தது. அது போகும் என்று டிலிஸ் எதிர்பார்க்கவுமில்லை. இதழை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சறுக்கி விழுந்ததில் வில்ஃபின் மூக்குக்கண்ணாடியும் உடைந்திருந்ததால், மறுநாள் அவருக்கு அவள்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.