ஓ என்றொரு ஊர்

அறிவிப்பாளருக்கு வாய்தான் மூலதனம். பேருந்து நிலையத்து மாடியில், தீப்பெட்டி அளவுக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, முப்பத்தொரு வருஷம் ஊர்ப்பெயர்களாகச் சொல்லித் தள்ளியவர். ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை சொல்வார்; மூன்றும் ஒரே மாதிரி இருக்கும், கடைசி எழுத்தை விழுங்க மாட்டார். இத்தனை ஊரைச் சொன்ன மனுஷன் அதில் பாதிக்குக்கூடப் போனதில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் கிளப்ப நாலு பேர் வேண்டும்.

அவர் மனைவிக்குத் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை. சேரவேண்டியவருக்குச் சேராமல் திரும்பும் கடிதங்களெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். கல்யாணமான புதிதில் நார்வேயிலிருந்து ஒரு பட அட்டை அங்கே வந்து மாட்டிக்கொண்டது. கறுத்த மலை, அதன் காலடியில் கடல், கரையில் சிவப்பு மரவீடு ஒன்று. விலாசம் மழையில் கரைந்துபோயிருந்தது. ஒரு வருஷம் வைத்திருந்து யாரும் கேட்டு வராவிட்டால் கிழித்துப் போட வேண்டும் என்பது விதி. கிழிக்க வேண்டிய நாளில் அவள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

பைத்தியம் என்பது அவர் சொன்ன வார்த்தை. அவளுக்கு அது ஆசை. ஒரு கோடு போட்ட நோட்டில் நார்வேயின் ஊர்கள், படகு கிளம்பும் நேரங்கள், எந்த மாதம் சூரியன் மறையாது என்பதெல்லாம் எழுதி வைத்தாள். அவரோ 'நார்வேக்காரி' என்று பட்டம் கட்டிவிட்டார். சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில், "உங்க அம்மா வீட்டுல இன்னைக்கு மழையா, வெயிலா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். சபை சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஒரு நாயாவது வளர்க்கலாம், அதற்காவது அந்த நாட்டுப் பெயர் வைக்கிறேன் என்று ஒருமுறை கேட்டதற்கு, வீடெல்லாம் முடி கொட்டும் என்று அதையும் தட்டிக் கழித்தார். நார்வேக்கு மட்டும் அவர் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. போகலாம், மகள் படிப்பு முடியட்டும். போகலாம், கூரை ஒழுகுகிறது, அதை முடித்துவிடுவோம். போகலாம், நான் ஓய்வு பெற்றுவிடுகிறேன். மறுத்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். இந்தப் 'போகலாம்' இருக்கிறதே, அதனிடம் யார் சண்டை போட முடியும்?

அவர் ஓய்வு பெற்ற பத்தாவது வாரம் அவள் குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் கூடவே போனது.

வருகிற பேச்சு ஆறு மாதத்துக்குள் வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். கண்ணாடியைக் காட்டி வாயைத் திற, நாக்கை நீட்டு என்று மூன்று மாதம் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பொறுமை இழந்து அறிவிப்பாளரிடமே சொன்னாள்.

"இந்த வீட்டுல அவங்க யாரையுமே கூப்பிட வேண்டியதில்ல சார். கண்ணைத் திருப்புறதுக்குள்ள தண்ணியோட வந்து நிக்கிறீங்க. கூப்பிட்டாத்தான் வரும்னு ஏதாவது ஒண்ணு இருக்கணும். அதுவும் அவங்க ஆசைப்படுறதா இருக்கணும்."

அன்று சாயங்காலமே அவர் போய் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மண் நிறம், ஒரு காது நின்றது, ஒரு காது தொங்கியது. நார்வேக்காரியின் இடது கைக்குப் பக்கத்தில் விட்டார். அவள் விரலால் அதன் முதுகை மெல்லத் தடவினாள். மூன்று மாதத்தில் அந்தக் கை தானாக ஒரு பொருளைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை. 

பெயர் நார்வேயிலிருந்துதான் வரவேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். பெர்கன், பெர்கன், பெர்கன் என்றார். ஹம்மர்ஃபெஸ்ட் என்றார். த்ரோண்ட்ஹைம் என்று சொல்லும்போது அவர் நாக்கே சுளுக்கிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் கண்ணைப் பார்த்தார். கண் நாயின் மேல் இருந்தது. பயிற்சிப் பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நாக்கு மேலே போக வேண்டிய எழுத்து எதுவும் வேண்டாம், உதடு ஒட்ட வேண்டிய எழுத்தும் வேண்டாம், திறந்த வாயிலிருந்து அப்படியே வருகிற சத்தமாக ஒரு பெயர் பாருங்கள் என்றாள். அப்படி ஒரு ஊர் உலகத்தில் எங்கே இருக்கும்? மூன்று நாள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தன் வீட்டிலேயே இருந்த ஒரு நோட்டை அவர் படிப்பது அதுதான் முதல் தடவை.

கடைசிப் பக்கத்தில், பென்சிலால், பொடி எழுத்தில் இருந்தது. 'ஓ. ஊர் பெயரே இவ்வளவுதான். தீவின் கோடியில் இருக்கிறது. சாலை இங்கே முடிந்துவிடுகிறது. இங்கே ஒரு நாள் தங்க வேண்டும். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.'

சிரித்துத்தான் இருப்பார். ஒரு எழுத்து ஊரை வைத்து ஒரு வருஷத்துக்குக் கேலி ஓட்டியிருப்பார். அது அவருக்கே நன்றாகத் தெரிந்தது. நோட்டை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

நாய்க்கு 'ஓ' என்று பெயரானது. கீழ்வீட்டில் குடியிருக்கும் கொழுந்தியாள், அதாவது மனைவியின் தங்கை, முதல் நாளே வாயைக் கொடுத்தாள்.

"என்ன அத்தான், நாயைக் கூப்பிடறீங்களா, இல்ல பல்வலியா?"

அறிவிப்பாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தலைக்கு மேல் வேலை. அவள் முதல்முதலாக அந்தப் பெயரைச் சொல்லும் நேரத்தில் நாய் பாட்டுக்குச் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தால்? கூப்பிட்டும் வரவில்லையே என்று அவள் மனது விட்டுப் போனால்? அப்புறம் ஜன்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டாள். ஆகவே நாயை முதலில் பழக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்குப் பெயர் கணீரென்றா வரப்போகிறது? உடைந்து வரும். இழுத்துக்கொண்டு வரும். பாதி மூச்சாக வரும். குரலாலேயே பிழைத்த மனுஷனுக்கு இது தோன்றாமல் இருக்குமா? கூடத்தில் நின்று, வேகவைத்த கோழித் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, விதவிதமான 'ஓ'க்களைச் சொல்லிப் பழக்கினார். கரகரத்த ஓ, நடுங்கும் ஓ, அடித்தொண்டையில் முனகுகிற ஓ, இழுத்து இழுத்து நடுவில் அறுந்துபோகிற ஓ. தெளிவாகச் சொன்னதற்குச் சின்னத் துண்டு. எவ்வளவுக்கெவ்வளவு கேட்கச் சகிக்காமல் இருந்ததோ அவ்வளவுக்கவ்வளவு பெரிய துண்டு. கூப்பிட்டதும் நேராகப் படுக்கையில் ஏறி அவள் முகத்தருகே போக வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். மூன்றே வாரம். வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும், எவ்வளவு கெட்ட ஓவாக இருந்தாலும், நாய் வாலைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தது. வாழ்க்கையில் வேறெந்தக் காரியத்தையும் இவ்வளவு ஒழுங்காக முடித்ததில்லை என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாவது மாதக் கடைசியில், ஒரு மத்தியானம், அவர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். காலடியில் படுத்திருந்த நாய் சட்டென்று எழுந்து படியிறங்கி ஓடியது. அப்புறம்தான் அவர் காதிலும் விழுந்தது. உள்ளறையிலிருந்து ஓ என்று ஒரு சத்தம், உடைந்து, இழுத்துக்கொண்டு.

ஈரத் துணியோடு ஓடினார். நாய் படுக்கையில் ஏறி அவள் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. வால் சுழன்ற வேகத்தில் பக்கத்திலிருந்த மருந்து டப்பா கீழே விழுந்து உருண்டது. அவள் முகமெல்லாம் கண்ணீர். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தார். அவரும் அழுதார். நாயைக் கட்டிப்பிடித்து, அவளைக் கட்டிப்பிடித்து, மகளுக்குப் போன் போட்டு, பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டு, வாசலில் போன காய்காரரை நிறுத்தி, எல்லாருக்கும் அறிவித்தார். கூப்பிட்டுட்டா, கூப்பிட்டுட்டா, கூப்பிட்டுட்டா.

அந்த இரண்டு வாரம்தான் அந்த வீட்டில் வெளிச்சம் இருந்தது. தினமும் ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை, அவர் வேறு அறையில் இருக்கும்போது சத்தம் வரும், நாய் பறக்கும். பயிற்சிப் பெண் வந்து, கூப்பிடுங்கள் பார்ப்போம் என்று கெஞ்சினால் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. புது ஆள் முன்னால் கூச்சமாக இருக்கும் என்று அவரே சமாதானம் சொன்னார். பக்கத்தில் அவர் இருக்கும்போதும் அவள் கூப்பிடவில்லை. அது பழைய கோபமாக இருக்கும் என்று நினைத்தார். அவரைக் கோபித்துக்கொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது, மெல்லச் சரியாகும் என்றார்.

மூன்றாவது வாரம் சத்தம் குறைந்தது. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தடவையானது. பிறகு அடியோடு நின்றது. அவர் மாடிக்குப் போய் வேண்டுமென்றே நின்று பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தார். நாயும் காதைத் தூக்கிக்கொண்டு அவரோடு காத்திருந்தது. ஐந்தாவது மாதம் போனது. ஆறாவது மாதமும் பாதி போனது.

ஒரு பிற்பகல் அவர் மருந்து வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது கொழுந்தியாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் இல்லாத நேரத்தில் அக்காவுக்குத் துணையாக இருக்க வந்தவள். எப்போதும் கேலி பேசுகிற வாய் அன்றைக்கு இறுகியிருந்தது. உட்காருங்கள் அத்தான் என்று சொல்லிவிட்டு நாயைப் பிடித்துச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா ஒரு நாளும் நாயைக் கூப்பிடல அத்தான்."

அவருக்குப் புரியவில்லை. தான் காதால் கேட்டதை, நாய் ஓடியதை எல்லாம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"அழுதிருக்கா. இன்னைக்குத்தான் எனக்கே அது புரிஞ்சது. நீங்க அந்தப் பக்கம் போனதும் சுவத்தைப் பார்த்துத் திரும்பி அழுவா. அவளுக்கு அழுகை அப்படித்தான் வருது, ஓன்னு. வேற சத்தம் எங்க இருக்கு அவகிட்ட? உடனே இது வந்து மேல ஏறிக் குதிக்கும். ஒத்தக் கையால எவ்வளவு தள்ளுவா? பின்னாடியே நீங்க ஓடி வந்து கை தட்டுவீங்க."

அறிவிப்பாளர் மருந்துப் பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"இப்ப அழுகை வந்தா தலையணையைக் கடிச்சுக்கிறா. இன்னைக்கு என் கண்ணால பார்த்தேன். போய்ப் பாருங்க, அந்த ஓரத்தை."

போய்ப் பார்த்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணையின் இடது ஓரத்தில் உறை கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு எச்சிலில் காய்ந்து, பல் பதிந்த இடம் வரிசையாகத் தெரிந்தது. ஒரு நாளில் ஆகிற கிழிசல் இல்லை அது. அந்த உறையை அவரே நாலு தடவை துவைத்து மாட்டியிருக்கிறார். நாய் கடித்திருக்கும் என்று நினைத்து நாயை வேறு திட்டியிருக்கிறார்.

 முப்பது வருஷம் அவள் ஆசைப்பட்டதை எல்லாம் தள்ளிப் போட்டாயிற்று. மிச்சமிருந்தது ஒரு அழுகை. அதைக் கோழித் துண்டு போட்டு, பார்த்துப் பார்த்து, எந்த விதமாக அழுதாலும் தப்பாதபடி பிடுங்கிக்கொண்டார். யாராவது தன்னைச் செருப்பால் அடித்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அடிக்கத்தான் ஆள் இல்லை.

நாய்க்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தார். புதுப் பெயருக்கு அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதால் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளறைக்கு ஓடியது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்த்த ஓட்டுநர் ஒருவரை வரச்சொல்லிக் கொடுத்தனுப்பினார். அது போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது. அதன் மேல் என்ன தப்பு? சொல்லிக் கொடுத்ததை அது அட்சரம் பிசகாமல் செய்தது.

வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். நார்வேக்காரி விழித்திருந்தாள். அவர் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அவள் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேசிய குரல் பக்கத்திலிருப்பவளுக்குக் கேட்கும்படி வரவே சிரமப்பட்டது.

"நாயை அனுப்பிட்டேன். இனிமே அது வராது. நானும் வரமாட்டேன். கதவைச் சாத்திட்டு வெளிய போயிடறேன். நீ அழு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் அழு."

அவள் அவரையே பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. உதடு நடுங்கியது. வாய் கொஞ்சம் திறந்தது. அவர் சொன்னபடி எழுந்து வெளியே போய், கதவைச் சாத்தி, வெளிப்புறம் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் அழுதுவிட்டால் போதும் என்று இருந்தது. வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

சத்தமே இல்லை. பொறுக்க முடியாமல் கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தார். அவள் வாசல் பக்கமாகக் காதைக் கொடுத்து, நாயின் காலடி கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை நம்பிப் பழக்கம் இல்லை அவளுக்கு. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துகொண்டே இருக்க, இடது கையால் தலையணை ஓரத்தை இழுத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள்.